குழாயில் முளைக்கும் கல்

குளியலறைக் குழாயில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புக்கறையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கை ஓய்ந்திருக்கிறீர்களா? ஓயத்தான் செய்யும். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் எதனால் ஆனவையோ, அதுவே. நீங்கள் தேய்த்துக்கொண்டிருந்தது கல்லை.

தண்ணீரில் கரையாத கல் தண்ணீரோடு எப்படி வந்தது? மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் வழியில் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையைத் தொடும்போது, பாறை கால்சியம் பைகார்பனேட்டாக மாறிக் கரைகிறது. இதைத்தான் கடின நீர் என்கிறோம். குழாயின் மேல் தங்கிய துளி உலரும்போது கார்பன் டை ஆக்சைடு காற்றோடு போய்விடுகிறது. கரைந்த கல் மறுபடியும் கல்லாகிறது. சூடு இந்த வேலையை விரைவுபடுத்தும். கெட்டிலின் அடியில் பொருக்கு சீக்கிரம் சேர்வது அதனால்தான். சுண்ணாம்புக் குகைகளின் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளும் ஏறக்குறைய இப்படியே வளர்ந்தவை. அவற்றுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள். நம் குழாய்க்குச் சில வாரங்கள் போதும்.

சோப்பால் இங்கே பயனில்லை. கடின நீரிலுள்ள கால்சியம் சோப்போடு கூடிக் கரையாத பிசுக்காக மாறுவதால், கல்லின் மேல் இன்னொரு படலம் சேர்வதுதான் மிச்சம்.

கல்லாக்கிய வினையைத் திருப்பிவிட ஓர் அமிலம் வேண்டும். வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அது கால்சியம் கார்பனேட்டைக் கால்சியம் அசிடேட்டாக மாற்றுகிறது. இது தண்ணீரில் நன்றாகக் கரையும். அப்போது எழும் நுண்குமிழ்கள், கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த கார்பன் டை ஆக்சைடு. மென்மையான அமிலம் என்பதால் அதற்கு அவகாசம் தர வேண்டும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு துடைத்துக் கழுவினால் போதும். இரவு முழுவதும் விட்டால் உலோகப் பூச்சு கெடலாம்.

வினிகரோடு சமையல் சோடாவைக் கலந்தால் பொங்கும் நுரையைப் பார்த்துப் பலர் மகிழ்கிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் ஆரவாரம் அது. அடங்கியதும் எஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். கல்லைக் கரைக்க அதற்குத் தெம்பில்லை. இது வெறும் வீண்செலவு. வினிகரை ப்ளீச்சுடன் கலப்பதோ ஆபத்து: நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

குழாயின் கல்லுக்கும் பளிங்குத் தரையின் கல்லுக்கும் வினிகருக்கு வேறுபாடு தெரியாது. எலுமிச்சைச் சாறுக்கும் அப்படியே. பளிங்கில் சிந்திய இடம் மங்கிப்போனால், அங்கே துடைக்க எதுவும் படிந்திருக்காது, மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கும். மறுபடியும் மெருகேற்றினால்தான் பளபளப்பு திரும்பும்.