நூறு டிவிடியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாமா?

ஒரு டிவிடி எழுதுவது யாருக்கும் பெரிய வித்தை இல்லை. வெற்று டிஸ்க்கைப் போட்டு பட்டனைத் தட்டினால் ஆறேழு நிமிடத்தில் வெளியே வந்துவிடும். நூறு எழுத வேண்டும் என்றால்தான் தலைவலி, ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ட்ரேயைத் திறப்பதும் மூடுவதுமாக நாளை ஓட்ட வேண்டும். அந்த ஆளின் இடத்தில் ஒரு இயந்திரக் கையை வைத்ததுதான் பிரைமேரா, ரிமேஜ் போன்ற நிறுவனங்களின் தானியங்கி டிஸ்க் கருவிகள். சிடி காலமே போய்விட்டது, இதெல்லாம் இன்னுமா என்று கேட்பவர்கள், எம்ஆர்ஐ எடுத்து வந்த கவருக்குள் ஃபிலிமோடு என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் கதையே வேறு. ஆலையில் நிக்கல் அச்சு செய்து, உருகிய பாலிகார்பனேட்டை அழுத்தி, சில விநாடிக்கு ஒன்று என்று தள்ளிவிடுவார்கள். பத்து, ஐம்பது, நூறு என்ற கணக்குக்கு அந்த அச்சு கட்டுபடியாகாது, அங்கேதான் இந்தப் பெட்டிக்கு வேலை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? வெற்று டிஸ்க் அடுக்கு ஒன்று, ஒன்றின்மேல் ஒன்றாக டிஸ்க்கில் எழுதும் இரண்டு மூன்று டிரைவ், ஒரு பிரிண்டர், முடிந்ததைப் போட ஒரு கூடை, தேறாததைப் போட இன்னொன்று. இவற்றுக்கிடையே ஏறி இறங்கும் கை. லேசர்தான் இதில் நுட்பமான பகுதி என்று தோன்றும். ஆனால் அது முன்பு சாதாரணக் கம்ப்யூட்டரில் இருந்த அதே டிரைவ்தான். உண்மையில் கஷ்டமான வேலை அடுக்கிலிருந்து ஒரே ஒரு டிஸ்க்கை எடுப்பது.

டிஸ்க்கின் நடு ஓட்டை 15 மில்லிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். பல கருவிகளில் கையின் நுனியில் இருக்கும் சின்ன விரல்கள் அந்த ஓட்டைக்குள் இறங்கி, விரிந்து, விளிம்பை உள்பக்கமிருந்து கவ்வும். கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அடியில் இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்து வந்துவிடும். விரல் சரியாக இறங்கினாலும் வரலாம், ஏனென்றால் புதுக் கட்டில் இறுக்கி அடுக்கிய டிஸ்க்குகள் ஈரப்பதத்தாலும் நிலைமின்சாரத்தாலும் அப்பளம் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓட்டையைச் சுற்றி அடிப்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய மேடு இருக்கிறதே, அது டிஸ்க்குகளுக்கு நடுவே இடைவெளி விடத்தான், ஆனாலும் அது மட்டும் போதாது. இரண்டு டிஸ்க் ஒன்றாக ட்ரேயில் உட்கார்ந்தால் டிரைவ் சிக்கிக்கொள்ளும், ராத்திரி வேலை அத்தோடு நின்றுவிடும். அதனால் கட்டைப் பிரித்ததும் அப்படியே உள்ளே வைக்காமல், ஓரத்தைப் பிடித்து விசிறி விட்டு, காற்று புகுந்த பிறகு அடுக்குங்கள். சப்பையான யோசனைதான், பாதித் தொல்லை இதிலேயே தீரும்.

சரி, டிஸ்க் உள்ளே போய்விட்டது. டிரைவ் முதலில் அதில் பொறித்திருக்கும் தயாரிப்புக் குறியீட்டைப் படிக்கும். பிறகு உள்விளிம்பில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் கொஞ்சம் எழுதிப் பார்த்து, லேசருக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்று முடிவு செய்யும். 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் டிஸ்க்குக்குள் இருக்கும் சாயப் படலத்தைச் சுட, சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும். சுட்டது, சுடாதது என்ற இந்த வரிசைதான் உங்கள் கல்யாண வீடியோ. குறியீடு டிரைவுக்குத் தெரியாத மலிவு டிஸ்க்காக இருந்தால் பொதுவான ஒரு கணக்கில் சுட்டுவிட்டுப் போகும், பிழை கூடும். டிஸ்க் விலையில் மிச்சம் பிடிப்பது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை. டிவிடியின் அடிப்படை வேகத்தைப்போல 16 மடங்கு வேகத்தில் எழுதும்போது டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றுகிறது, அதில் ஒரு காகித ஸ்டிக்கர் ஒருபக்கம் கனத்தாலோ உரிந்தாலோ டிரைவ் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் இந்தக் கருவிகள் டிஸ்க்கின் மேல்பக்கத்திலேயே நேராக அச்சிடுகின்றன.

இதையெல்லாம் ஓட்டுகிற மென்பொருள் முதலில் உள்ளடக்கத்தை ஒரே இமேஜ் கோப்பாக, அதாவது முழு டிஸ்க்கின் அச்சு அசல் பிரதியாக, ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நகலும் அதிலிருந்துதான் போகும். எழுதியதும் சரிபார்ப்பு, அதாவது டிஸ்க்கைத் திரும்பப் படித்து இமேஜோடு ஒப்பிடுவது. இதனால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பலர் அணைத்துவிடுகிறார்கள், செய்யாதீர்கள். ஒரு டிஸ்க்குக்கு எழுதவும் படிக்கவும் 11 நிமிடம் என்றால், இரண்டு டிரைவில் நூறு டிஸ்க் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், எப்படியும் நீங்கள் தூங்கத்தான் போகிறீர்கள். இன்னொன்று, டிவிடியில் பிழை திருத்தும் குறியீடு உள்ளேயே இருப்பதால் மோசமாகச் சுட்ட டிஸ்க்கும் எழுதிய டிரைவில் தேறிவிடலாம், பழைய பிளேயரில் திணறலாம். ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை எடுத்து வேறொரு பிளேயரில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஸ்கேன் சென்டரில் கணக்கு தலைகீழ். அங்கே நூறு டிஸ்க்கும் நூறு விதம். ஸ்கேன் மெஷினிலிருந்து டைகாம் என்ற மருத்துவப் பட வடிவில் படங்கள் நெட்வொர்க்கில் வர, கருவி அவற்றோடு பார்க்கும் மென்பொருளையும் சேர்த்து எழுதி, நோயாளி பெயரை மேலே அச்சிடுகிறது. தரவு கொஞ்சம்தான் என்றால் எழுதுவது சீக்கிரம் முடிந்துவிடும், கை நகர்வதும் அச்சிடுவதும்தான் நேரத்தைத் தின்னும். இன்னும் இரண்டு டிரைவ் வாங்கிப் போட்டாலும் பெரிய பலன் இல்லை.

இங்கே பயம் வேறு, ஒருவர் பெயரின் கீழ் இன்னொருவர் மூளைப் படம் போய்விடக்கூடாது. எழுதி, சரிபார்த்து, தேறினால் மட்டும் பிரிண்டருக்குப் போவது பத்திரமான வரிசை, தேறாத டிஸ்க்கில் நோயாளி பெயர் ஏறாது. நடுவில் கரண்ட் போய் வந்தால், டிரைவுக்குள் கிடப்பது எந்தக் கட்டத்தில் நின்றது என்று யாரும் ஊகிக்க வேண்டாம், அதைக் கழித்துவிட்டு அந்த வேலையை முதலிலிருந்து புது டிஸ்க்கில் செய்வதே சரி. யுபிஎஸ் இல்லாமல் இந்தக் கருவியை வைக்கவே வைக்காதீர்கள்.

காலையில் நல்ல கூடையைவிடக் கழிவுக் கூடையை முதலில் பாருங்கள், அப்புறம் மென்பொருளின் பதிவேட்டைத் திறந்து எந்த டிஸ்க் எந்த டிரைவில் தவறியது என்று தேடுங்கள். எல்லாம் ஒரே டிரைவ் என்றால் லென்ஸில் தூசியாக இருக்கலாம், அல்லது லேசர் ஆயுள் முடிந்திருக்கலாம், துடைத்தும் சரியாகாவிட்டால் அந்த டிரைவை மாற்றிவிட வேண்டியதுதான். எல்லா டிரைவிலும் பரவலாகத் தவறியிருந்தால் குற்றம் பெரும்பாலும் டிஸ்க் கட்டில், மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள்.