சாலையில் விரிசல் கண்டால்: பொறுப்பு யாருடையது, எப்படித் தெரிவிப்பது?

சிங்கப்பூரின் பொதுச் சாலைகளைப் பராமரிப்பது நிலப் போக்குவரத்து ஆணையம். கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி வளாகத்தின் உள்பாதை போன்றவை அதில் சேராது. எது யாருடையது என்று தெரியாவிட்டாலும் நீங்கள் புகார் கொடுக்கலாம்.

சாலையை அதிகம் கெடுப்பது தண்ணீர். தார்க் கலவையின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு கல்லும் மணலும்தான்; மீதமுள்ள 5 விழுக்காட்டுத் தார் அத்தனையையும் பிடித்துவைக்கிறது. வெயிலிலும் காற்றிலும் அது இறுகி விரிசல் விடும். ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. விரிசலில் இறங்கிய நீரைச் சக்கரங்கள் அழுத்த அழுத்த, கல்லைவிட்டுத் தார் பிரியும், அடியிலுள்ள அடுக்கும் இளகும். அப்புறம் ஒரு வாரம் அடைமழை பெய்தால் போதும், குழி விழுந்துவிடும். அதில் நீர் நிறைந்துவிட்டால் மோட்டார்சைக்கிளில் போகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

அடுத்தது பாரம். வண்டியின் சக்கர அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்கு என்பது 1950களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த சோதனையிலிருந்து பொறியாளர்கள் பின்பற்றும் கணக்கு. லாரியில் அளவுக்கு மீறி ஏற்றுவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல நிறுத்தங்களில் பேருந்து நிற்கும் இடம் மட்டும் கான்கிரீட்டாக இருப்பதற்கும் பாரமே காரணம்.

குழாயோ கம்பியோ பதிக்கப் பொதுச் சாலையைத் தோண்டுபவர் ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும், வேலை முடிந்ததும் அதன் தரப்படி மூட வேண்டும். சாலையின் ஆயுளுக்கு இதைவிட முக்கியமான விதி இல்லை என்பேன். மண்ணைச் சரியாக இறுக்காமல் மூடினால் அந்த இடம் இறங்கும். பழைய தாரும் புதிய தாரும் சேரும் மூட்டில் நீர் புகும்.

சரி, புகார் கொடுப்பது எப்படி? 2015இல் வந்த ஒன்சர்விஸ் செயலியில் படத்தையும் இடத்தையும் அனுப்பினால் போதும், உரிய அமைப்புக்குப் போய்விடும். செயலி வேண்டாம் என்றால் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ‘காக்கி’ சாட்பாட்டிடம் சொல்லலாம். அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்; நீண்ட சாலையில் இடத்தைச் சட்டென்று கண்டுபிடிக்க அது உதவும். குழி விழும்வரை காத்திருக்க வேண்டாம், விரிசலையோ, ஒட்டுப்போட்ட இடம் இறங்கியிருப்பதையோ கண்டாலும் தெரிவிக்கலாம். விரைவுச்சாலையில் மட்டும் படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள்; எந்த வெளிவழிக்கு முன்னால் பார்த்தீர்கள் என்பதை நினைவில் வைத்து, இறங்கிய பிறகு எழுதி அனுப்புங்கள்.