யூனியன் இருக்கும்போது கொள்கைத் தாளில் கையெழுத்துப் போடலாமா? அமெரிக்கச் சட்டம் சொல்வது

அமெரிக்காவில் யூனியன் உள்ள நிறுவனம். ஒருநாள் ஹெச்.ஆர். ஒரு தாளை நீட்டுகிறது: புதிய வருகை விதியோ, செல்போன் விதியோ. கீழே "படித்தேன், ஏற்கிறேன்" என்று ஒரு வரி.

மறுத்துவிடத்தான் கை துறுதுறுக்கும். பெரும்பாலும் அதுதான் ஆபத்து. உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று சொல்லி நடவடிக்கை எடுக்க நாமே வழிவிட்டது போலாகும். "முதலில் செய், அப்புறம் புகார் கொடு" என்பதுதான் அங்கே யூனியன்காரர்களே சொல்லும் பாடம். உடம்புக்கு ஆபத்தான உத்தரவும் சட்டவிரோதமான உத்தரவும் விதிவிலக்கு.

ஆகவே போடலாம். ஆனால் பக்கத்திலேயே "பெற்றுக்கொண்டதற்கு மட்டும், சம்மதம் அல்ல" என்று எழுதி, தேதி போட்டு, ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் பொத்தானை அழுத்துவதுதான் ஒரே வழி என்றால், அதே வாசகத்தை அன்றே ஹெச்.ஆருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். யூனியன் ஸ்டீவர்டுக்கும் (வேலையிடத்தில் யூனியனின் பிரதிநிதி) ஒரு பிரதி போகட்டும்.

போட்டுவிட்டால் உரிமை போய்விடாதா என்ற பயம் நியாயமானது. 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி, சம்பளம், வேலை நேரம், பணி நிபந்தனைகள் பற்றி நிர்வாகம் யூனியனோடுதான் பேச வேண்டும். பேசாமல் தன்னிச்சையாக மாற்றுவது அந்தச் சட்டத்தை மீறுவது என்று 1962-இல் காட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் முன்பே, 1944-இல் ஜே.ஐ. கேஸ் வழக்கில், தனி ஆளிடம் வாங்கும் ஒப்பந்தத்தால் கூட்டு ஒப்பந்தத்தின் (யூனியனும் நிர்வாகமும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம்) பலன்களைக் குறைக்க முடியாது என்று தீர்ப்பானது. நிறுவனம் தரும் ஊழியர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் "எப்போது வேண்டுமானாலும், காரணமின்றியும் வேலையை விட்டு நீக்கலாம்" என்று ஒரு வரி ஒளிந்திருப்பது சகஜம். உங்கள் கூட்டு ஒப்பந்தம் தகுந்த காரணம் இருந்தால்தான் நீக்கலாம் என்று சொன்னால், உங்கள் ஒரு கையெழுத்து அதை அழித்துவிடாது.

அதற்காக எல்லா விதியும் செல்லாது என்றும் நினைக்க வேண்டாம். சில விஷயங்களை நிர்வாகமே முடிவு செய்யலாம் என்று யூனியன் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டிருக்கலாம். ஸ்டீவர்டிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

வைன்கார்ட்டன் உரிமை, அதாவது விசாரணையின்போது யூனியன் பிரதிநிதியைக் கேட்கும் உரிமை பற்றி ஒரு குழப்பம் உண்டு. 1975-இல் வந்த அந்தத் தீர்ப்பு, தண்டனையில் முடியலாம் என்று நியாயமாக நினைக்கத்தக்க விசாரணைக்கே பொருந்தும். தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது மட்டும் விசாரணை ஆகாது. "ஏன் போடவில்லை? யார் சொல்லிக் கொடுத்தது?" என்று துருவ ஆரம்பித்தால் கதை வேறு. அப்போது யூனியன் பிரதிநிதி வேண்டும் என்று நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும், நிர்வாகம் நினைவூட்டாது.

கெடுவும் முக்கியம். ஒப்பந்தப்படி புகார் கொடுக்கப் பல இடங்களில் சில நாட்கள்தான் அவகாசம். அந்த 1935 சட்டத்தை அமல்படுத்தும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திடம் போக 6 மாதம். அந்தச் சட்டம் தனியார் துறைக்கானது. அரசு ஊழியர்களுக்கும், ரயில், விமான நிறுவன ஊழியர்களுக்கும் வேறு சட்டங்கள் உண்டு.