ஒரு நாள் சுற்றுது, ஒரு நாள் நிற்குது: வாஷிங் மெஷினில் போர்டு மாற்றுவதற்கு முன்னால்

வாஷிங் மெஷின் முழுதாக நின்றுவிட்டால் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. மீட்டர் வைத்துப் பார்த்தால் எந்தப் பாகம் போனது என்று தெரிந்துவிடும். "அண்ணா, நேத்து நல்லாத்தானுங்க சுத்துச்சு, இன்னைக்குத் துணி சொட்டச் சொட்ட நிக்குதுங்க" என்று வரும் அழைப்புதான் சிக்கல். நாம் போய் ஓட்டிக் காட்டச் சொன்னால் அன்றைக்கென்று ஒழுங்காகச் சுற்றும். எதுவும் பிடிபடாத மெக்கானிக் கடைசியில் "போர்டு போயிருச்சுங்க" என்று சொல்லிவிடுகிறார். மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட்தான் இந்தப் போர்டு, மெஷினிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று. அதை மாற்றிய பிறகும் அதே மாதிரி நிற்கும் மெஷின்களைத் திருப்பூர், அவினாசி, பல்லடம் பக்கம் நிறையப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

விட்டு விட்டு வரும் பழுதுக்குப் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கும். என்ன துணி போட்டபோது நின்றது, காலையிலா ராத்திரியிலா, முதல் லோடா மூன்றாவது லோடா, தண்ணீர் முழுக்க வடிந்திருந்ததா, மோட்டார் உறுமியதா சத்தமே இல்லையா. இவற்றை ஒரு சீட்டில் குறித்து வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். போர்டு வரைக்கும் போக வேண்டிய தேவையே பல வீடுகளில் இருக்காது.

முதலில் துணி. பவானி ஜமுக்காளத்தையோ கனத்த சென்னிமலைப் போர்வையையோ தனியாகப் போட்டால், அது தண்ணீரைக் குடித்துவிட்டு டப்பின் ஒரு பக்கமாகவே படுத்துக்கொள்ளும். ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின் அந்தக் கோணலை உணர்ந்து சுற்றலை நிறுத்தும், மறுபடி தண்ணீர் எடுத்துத் துணியைப் பரப்பிப் பார்க்கும், முடியாவிட்டால் எரர் காட்டிவிட்டு நின்றுவிடும். இது பழுதே இல்லை. மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. கூட இரண்டு டவல் போட்டுப் பரப்பி வைத்தால் சுற்றும். சாதாரண லோடுக்கே இப்படி நின்றால் நான்கு காலும் தரையில் சமமாக ஊன்றியிருக்கிறதா என்று மூலைகளை அழுத்திப் பாருங்கள். சரிவாகத் தளம் போட்ட பின்வாசலில் வைத்த மெஷின்களில் இது சகஜம்.

அடுத்து தண்ணீர். உள்ளே தண்ணீர் மிச்சமிருப்பதாக நினைத்தால் மெஷின் ஸ்பின்னுக்கே, அதாவது துணியைப் பிழியும் சுற்றலுக்கே, போகாது. நம் ஊரில் துவைத்த தண்ணீரை வீணாக்க மனசு வராமல் ஹோஸை நீட்டித் தென்னைக்கு விடுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பம்ப் இல்லாத டாப் லோடு மெஷினில் தண்ணீர் தானாக இறங்கித்தான் வெளியே போக வேண்டும். ஹோஸ் மேடேறினாலோ, வழியில் மடங்கினாலோ, நுனி சேற்றில் புதைந்தாலோ வடிவது மெதுவாகும். குறித்த நேரத்துக்குள் வடிந்த நாளில் சுற்றும், வடியாத நாளில் நிற்கும். ஒரு முறை ஹோஸைக் கழற்றித் தரையோடு விட்டுப் பாருங்கள். ஃப்ரன்ட் லோடில் கீழே உள்ள பம்ப் ஃபில்டரைத் திறந்தால் ஊக்கு, சில்லறை, முடி, பஞ்சு எல்லாம் வரும்.

போர் தண்ணீர் வீடுகளில் இன்னொன்று உண்டு. தண்ணீர் மட்டத்தைக் காட்டும் சென்சாருக்கு டப்பின் அடியிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழாய் போகிறது. உப்பும் சோப்புத்தூளும் சேர்ந்து கெட்டிப்பட்டு அதன் வாயை அடைத்தால், காலி டப்பிலும் தண்ணீர் இருப்பதாகவே மெஷினுக்குத் தகவல் போகும். அடைப்பு கொஞ்சம் விலகினால் அன்றைக்கு மட்டும் வேலை செய்யும். உப்புக் குறைந்த சிறுவாணித் தண்ணீர் புழங்கும் வீடுகளில் இதை நான் அதிகம் பார்த்ததில்லை. சென்சாரும் போர்டும் நன்றாக இருக்கும், குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும்.

நேரத்தையும் ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், விசைத்தறிகள் ஓடும் பகுதிகளில் சில வேளைகளில் வோல்டேஜ் இறங்குகிறது. செமி ஆட்டோமேட்டிக் (துவைக்க ஒரு டப்பும் பிழிய ட்ரையர் என்று இன்னொரு டப்பும் உள்ளது), சாதாரண டாப் லோடு மெஷின்களின் மோட்டாரில் இழுவை, அதாவது சுற்றும் விசை, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180தான் வந்தால் கிளம்பும் இழுவை சுமார் 60 சதவீதமாகிவிடும். காலி டப்பைச் சுற்றும், ஈரத்துணியோடு உறுமிக்கொண்டே நிற்கும். இதோடு மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டரும் பலவீனமாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். கெபாசிட்டர் மேல் அதன் அளவு அச்சிட்டிருக்கும். 10 மைக்ரோஃபாரட் என்று போட்டது 7 காட்டினால் மாற்ற வேண்டியதுதான். போர்டோடு ஒப்பிட்டால் அற்ப விலை. ஆனால் அதை நீங்களே கழற்றாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருந்து அடிக்கும்.

முதல் இரண்டு லோடு ஓடி மூன்றாவதில் நின்று, அரை மணி கழித்துத் தானாக ஓடினால் மோட்டார் சூடாகி அதன் பாதுகாப்புக் கட்-ஆஃப் துண்டிக்கிறது என்று பொருள். பெல்ட், பேரிங், பிரேக் எது இழுத்துப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். கார்பன் (சுற்றும் பகுதிக்குக் கரண்டைக் கடத்தும் சிறு துண்டுகள்) உள்ள ஃப்ரன்ட் லோடு மோட்டாரில் கார்பன் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி சொல்லப்போவதை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் ட்ரையர் மூடிக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அது கரண்டை நிறுத்தும், கூடவே பிரேக் பிடிக்கும். மூடியின் கீல் தொய்ந்தோ சுவிட்ச் முனை கருகியோ போனால் சுற்றல் விட்டு விட்டு வரும். மூடியைக் கையால் அழுத்தினால் சுற்றுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் பழுது அங்கேதான். புது சுவிட்ச் மலிவு. ஆனால் கையில் சுவிட்ச் இல்லையென்று இரண்டு வயரையும் முறுக்கி "டைரக்ட் பண்ணிட்டேங்க" என்று சிலர் போய்விடுகிறார்கள். மெஷின் அன்றிலிருந்து நிற்காமல் சுற்றும். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த ட்ரையர் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிறது. திறந்த மூடியில் ஒரு குழந்தை கைவிட்டால், துணியின் நுனி விரலில் மாட்டினால், முழங்கையோடு முறுக்கிவிடும். டைரக்ட் செய்ய நீங்களும் கேட்காதீர்கள், செய்து தருகிறேன் என்பவரையும் செய்யவிடாதீர்கள். சுவிட்ச் வந்து சேரும் வரை துணியைக் கையால் பிழிந்துகொள்ளலாம்.

உங்கள் வீட்டு மெஷினில் ஏற்கெனவே அப்படிச் செய்திருக்கிறார்களா என்று இன்றைக்கே பார்க்கலாம். துணி எதுவும் போடாமல், குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, ட்ரையரை ஓடவிட்டு மூடியைத் தூக்குங்கள், கையை உள்ளே கொண்டுபோகாதீர்கள். மோட்டார் சத்தம் உடனே அடங்க வேண்டும், டப் 15 நொடிக்குள் நிற்க வேண்டும். சத்தம் தொடர்ந்தால் டைரக்ட் செய்திருக்கலாம், அல்லது சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சத்தம் அடங்கியும் டப் ஓடிக்கொண்டே இருந்தால் பிரேக் தேய்ந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சரிசெய்யும் வரை ட்ரையரைப் பயன்படுத்தாதீர்கள்.