இரு படிச் சரிபார்ப்பு: சொல்லும் செயலும்

மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளைத் திறந்தால் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ என்றொரு வசதியைக் காணலாம். கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டச்சு செய்த பிறகும், கைப்பேசியில் தோன்றும் எண்போல், கணக்குக்கு உரியவரிடம் மட்டுமே இருக்கக்கூடிய இன்னொன்றையும் காட்டினால்தான் உள்ளே விடுவது என்னும் ஏற்பாட்டின் பெயர் அது. கூகுள் நிறுவனம் தன் பயனர் அனைவருக்கும் இதை 2011 பிப்ரவரியில் வழங்கத் தொடங்கியது. வங்கி, கடை, சமூக ஊடகம் என எந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தாலும் அதை மாற்றுவதற்கான இணைப்பு பெரும்பாலும் மின்னஞ்சலுக்கே வந்து சேர்வதால், வேறெங்கும் இல்லாவிட்டாலும் மின்னஞ்சலில் இதைக் கட்டாயம் அமைத்துக்கொள்ள வேண்டும்.

வெரிஃபிகேஷன் என்பது இலத்தீன் வழிச் சொல். ‘வேருஸ்’ என்றால் மெய். ‘ஃபாகெரே’ என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து, பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தன. வேரை மட்டும் பார்த்தால் ‘மெய்ப்பித்தல்’ என்பதே அதற்கு நேரான தமிழ். ஆனால் வழக்கில் நிலைத்தது ‘சரிபார்த்தல்’. அரசுப் பணித் தேர்வில் வென்றவர் மூலச் சான்றிதழ்களுடன் செல்லும் நிகழ்வைச் சான்றிதழ் சரிபார்ப்பு என்றே எல்லோரும் சொல்கிறோம். விண்ணப்பத்தில் எழுதியதையும் கையில் கொண்டுவந்ததையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் அங்கே நடக்கிறது. மின்னஞ்சல் சேவையை நடத்தும் கணினியான வழங்கியும் (சர்வர்) அதையே செய்கிறது: நாம் தரும் எண்ணையும் தான் எதிர்பார்க்கும் எண்ணையும் ஒப்பிடுகிறது. எனவே மெய்ப்பிப்பவர் பயனர், சரிபார்ப்பது வழங்கி என்று கொண்டால் இரு சொற்களுக்கும் உரிய இடம் கிடைத்துவிடும்.

இதனுடன் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் சொல் ‘டூ ஃபேக்டர் ஆதென்டிகேஷன்’. இதை இருகாரணி மெய்ப்பிப்பு எனலாம். சிலர் ‘இருகாரணி அங்கீகாரம்’ என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை. அங்கீகாரம் என்பது ஒப்புதல் அளிப்பது. ஒருவர் இன்னார்தான் என்று உறுதியான பிறகு, அவருக்கு எதைச் செய்ய உரிமை உண்டு என்று தீர்மானிப்பது வேறொரு கட்டம், அந்தச் சொல் அதற்கு வேண்டும். காரணி என்பது அடையாளத்தை நிறுவும் சான்றின் வகையைக் குறிக்கிறது. நாம் அறிந்தது, நம்மிடம் இருப்பது, கைரேகைபோல் நம் உடலோடு சேர்ந்தது என்று அது மூன்று வகைப்படும். கடவுச்சொல்லுக்குப் பிறகு பிறந்த ஊரின் பெயரையும் கேட்டால் படிகள் இரண்டாகலாம், காரணி ஒன்றுதான். ஏனெனில் இரண்டுமே அறிந்தவை, இரண்டையும் ஒரே ஏமாற்றுப் பக்கத்தில் கேட்டு வாங்கிவிட முடியும்.

எழுத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ‘இருபடி’ என்று சேர்த்து எழுதினால், பள்ளிக் கணக்கில் இருபடிச் சமன்பாடு படித்தவர்களுக்கு வர்க்க எண்கள்தான் நினைவுக்கு வரும். படி என்பதற்கு முகத்தலளவை, நகல் என்னும் பொருள்களும் இருப்பதால், ‘இரு படிச் சரிபார்ப்பு’ என்று பிரித்தும், ஒற்று மிகுத்தும் எழுதுவது நல்லது. ‘ஈரடுக்குப் பாதுகாப்பு’ என்ற தொடரும் காதுக்கு இனியதுதான். ஆனால் பாதுகாப்பு என்பது விளைவின் பெயராகிவிடுவதால், செயலைச் சொல்லும் சொல்லுக்கு அது ஈடாகாது.

அமைக்கும்போது நடப்பதைப் பார்த்தால் சொல்லின் பொருள் இன்னும் தெளிவாகும். கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, கடவுச்சொல்லை மீண்டும் கொடுத்து, இத்தகைய எண்களை உருவாக்கித் தரும் கைப்பேசிச் செயலியான சரிபார்ப்புச் செயலியைத் தேர்ந்தெடுத்தால், திரையில் ஒரு க்யூஆர் கட்டம் தோன்றும். அந்தக் கட்டத்துக்குள் இருப்பது ஒரு மறைவிசை, அதாவது பிறர் அறியாத ஓர் இரகசியக் குறியீடு. கைப்பேசியின் செயலி அதைப் படித்துச் சேமித்துக்கொள்கிறது. வழங்கியிடமும் அதே விசை இருக்கிறது. 1970 ஜனவரி 1 தொடங்கி இதுவரை எத்தனை முப்பது நொடிகள் கடந்தன என்ற எண்ணிக்கையை இந்த விசையோடு சேர்த்துக் கணக்கிட்டு, வரும் விடையை ஆறு இலக்கமாகச் சுருக்குகிறார்கள். இம்முறையை 2011இல் வெளியான இணையத் தரநிலை ஒன்று வரையறுத்தது. இரு பக்கமும் தனித்தனியே கணக்கிட்டும் ஒரே எண் வருவதால், செயலிக்கு இணையமோ சிக்னலோ தேவையில்லை. கைப்பேசியின் கடிகாரம் சில நிமிடங்கள் பிந்தியிருந்தால் மட்டும் சரியாகத் தட்டிய எண்ணும் தவறென்று திரும்பிவரும். அப்போது நேரத்தைத் தானியங்கியாக அமைத்தால் போதும்.

குறுஞ்செய்தியில் வரும் எண்ணை எல்லோரும் ஓடிபி என்கிறோம். எழுத்தில் அது ‘ஒருமுறைக் கடவுச்சொல்’. கடவு என்றால் வழி. இந்தியாவில் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. நாளடைவில் வங்கிகள் குறுஞ்செய்தியையே பெரிதும் கைக்கொண்டதால், இரண்டாம் படி என்றாலே குறுஞ்செய்திதான் என்ற எண்ணம் நம்மிடையே ஊன்றிவிட்டது. உண்மையில் படிகளுள் வலுக்குறைந்தது அதுவே. நம் பெயரில் மாற்றுச் சிம் வாங்கிவிடுபவரிடம் அந்த எண்ணும் போய்விடும். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளில் தொலைபேசி வழி வரும் குறியீடுகளைக் கட்டுப்பாட்டுக்கு உரியவை என வகைப்படுத்தியது. ஆனாலும், வெறும் கடவுச்சொல்லைவிடக் குறுஞ்செய்தி எவ்வளவோ மேல். செயலியின் எண்ணையும் போலிப் பக்கம் ஒன்றில் தட்டிவிட்டால் இழக்க நேரும். தான் பதிவான தளத்துக்கு மட்டுமே விடையளிக்கும் பாதுகாப்பு விசை என்னும் சிறு யூஎஸ்பி கருவியே இவற்றுள் உறுதியானது.

கடைசியாக ஒரு சொல்: ‘பேக்கப் கோட்’. இது காப்புக் குறியீடு. கைப்பேசி தொலைந்தால் செயலியும் அதோடு போய்விடும் என்பதால், அமைக்கும்போதே இவற்றை எடுத்துவைக்க வேண்டும். கூகுள் பத்துக் குறியீடுகள் தருகிறது; ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் செல்லும். இவற்றைக் கைப்பேசியிலேயே படமெடுத்து வைப்பதால் பயனில்லை. தாளில் அச்சிட்டு, சொத்துப் பத்திரங்களோடு வைக்கலாம். பத்தும் தீர்வதற்குள் புதிய தொகுதியைக் கேட்டுப் பெறலாம். பெற்றவுடன் பழையவை அனைத்தும் செல்லாதவையாகிவிடும், அந்தத் தாளையும் மாற்ற வேண்டியிருக்கும்.