கோடு விழாவிட்டால் குற்றமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே பேருந்தைத் திருப்புகிற ஓட்டுநர் குடித்திருக்கக் கூடாது என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இராது. அவர் ஊதும் கருவிக்குள், மூச்சிலுள்ள ஆல்கஹால் பிளாட்டினத்தின் மேல் பட்டு அசிட்டிக் அமிலமாக மாறும்போது எழும் மின்னோட்டம் அளக்கப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வைத்துள்ள வரம்பு, 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம். ஊதும் நேரத்து நிலையைத்தான் கருவி சொல்கிறது.

வேலைக்கு எடுக்கும்போது போதைப்பொருளைத் தேடி நடத்தும் சிறுநீர்ச் சோதனை அப்படிப்பட்டதன்று. கர்ப்பச் சோதனை அட்டையில் கோடு விழுந்தால் ‘ஆம்’ என்று பொருள். போதைச் சோதனை அட்டையிலோ கோடு விழுந்தால் ‘இல்லை’. போதைப்பொருளின் மூலக்கூறு அட்டையில் ஒரு கோடாக முன்பே பதிக்கப்பட்டிருக்கும். அந்த மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான, நிறமேற்றிய எதிர்ப்பொருள்கள் சிறுநீரோடு ஊறி வரும்போது, அதில் போதைப்பொருள் இல்லையென்றால் அந்தக் கோட்டைப் பற்றி நிறம் காட்டும். வரம்புக்கு மேல் இருந்தாலோ, அதனோடு பிணைந்துவிட்டு, கோட்டைப் பற்றாமல் கடந்துவிடும்.

எதிர்ப்பொருளுக்கு மூலக்கூறின் வடிவம் தெரியுமே தவிர, அது எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை; அதன் மேல் ஒட்டியிருக்கும் பாலில், அபினியின் போதைப்பொருளான மார்ஃபின் சிறிது உண்டு. கசகசாவால் அப்பாவிகள் சிக்குவதைக் குறைக்கவே, அமெரிக்க அரசு 1998இல் சிறுநீர்ச் சோதனையின் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000ஆக உயர்த்தியது. மூலக்கூறுகளை நிறையால் இனங்காணும் கருவியான நிறை நிறமாலைமானியில் மறுபடி பார்த்தாலும் கசகசாவின் மார்ஃபின் மார்ஃபினாகவே தெரியும். ஆகவே, என்ன சாப்பிட்டார், எந்த இருமல் மருந்து குடித்தார் என்று ஒரு மருத்துவர் கேட்டே தீர வேண்டும். கஞ்சாவின் எச்சமோ கொழுப்பில் தங்கி, வழக்கமாகப் புகைப்பவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் வெளிவரும். இன்று அவர் தெளிவாக இருக்கிறாரா என்பதற்கு அதில் விடை இல்லை.

அதே சிறுநீர்க் குப்பியில் சர்க்கரை நோயும் கர்ப்பமும் மனநோய் மருந்தும் தெரிந்துவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஒப்புதல் பெற்றுத் திரட்டும் தரவு சொன்ன நோக்கத்தின் தேவையோடு நிற்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே மாதிரியை இரண்டு குப்பிகளாகப் பிரித்து, தொழிலாளியின் கண்முன்னே முத்திரையிட்டு, ஒன்றை மறுசோதனைக்கு வைக்க வேண்டும். அவர் சொன்ன மருந்துகளின் பட்டியல் மருத்துவரிடமே இருக்கட்டும். மேலாளருக்குப் போக வேண்டியது, கேட்ட பொருள் இருந்ததா இல்லையா என்ற ஒரு வரி மட்டுமே.