பல் பிடுங்கிய பாம்புக்கும் உரிமம் வேண்டும்

கோலாலம்பூரின் செந்தூலில் வாரம் ஒருமுறை பொதுமக்களுக்கு அரசாங்கப் பாரங்களை நிரப்பிக் கொடுக்கும் எங்கள் மேசைக்குச் சென்ற ஆண்டு ஓர் இளைஞர் வந்தார். பிறந்தநாள் விருந்துகளிலும் ஆலயத் திருவிழாக்களிலும் மக்களின் தோளில் நாகத்தைப் போட்டுப் படம் எடுக்கவிட்டுச் சம்பாதித்தவர் அவர். பாம்பை விற்றவர் அதனுடன் ஒரு கண்ணாடிப் பெட்டியையும் ஒரு கடிதத்தையும் கொடுத்திருந்தார். விஷப்பை அறுவை செய்து அகற்றப்பட்டது, இனி ஆபத்தில்லை என்று அந்தக் கடிதம் சொன்னது. அதையே உரிமம் என்று நம்பி, பிளாஸ்டிக் உறையிட்டுப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருந்தார். அதிகாரிகள் பாம்பைப் பறிமுதல் செய்த நாளில் கடிதத்தையும் எடுத்துச் சென்றனர். அவரைக் காக்க வேண்டிய காகிதம், அந்தப் பாம்புக்குச் செய்யப்பட்டது என்ன என்பதற்கு எழுத்துச் சாட்சியாகிவிட்டது. விற்றவரின் கைப்பேசி அன்று மாலையிலிருந்து எடுக்கப்படவே இல்லை.

இவரைப் போல் வந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதால் இதை எழுதுகிறேன்.

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தீபகற்ப மலேசியாவில் காட்டு உயிரினங்களை வைத்திருப்பது, விற்பது, காட்சிக்கு வைப்பது ஆகியவற்றை 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதை நடைமுறைப்படுத்துவது பெர்ஹிலித்தான் என்று எல்லாரும் அழைக்கும் வனவிலங்கு இலாகா. இதனுடன் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் உண்டு. அது கால்நடைச் சேவை இலாகாவின் கையில் இருக்கிறது. சபா, சரவாக் மாநிலங்களின் சட்டங்கள் வேறு, அவற்றை இங்கே தொடவில்லை.

வாங்குபவரைச் சிக்கவைக்கும் முதல் கண்ணி, விஷமில்லாத பாம்புக்கு உரிமம் தேவையில்லை என்ற பேச்சு. வனவிலங்குச் சட்டத்தின் பட்டியல்கள் உயிரினங்களின் பெயரால் எழுதப்பட்டவை. நாகம், ராஜநாகம், மலைப்பாம்பு என்று இனம்தான் அங்கே கணக்கு. ஒரு தனிப் பாம்பின் வாயில் விஷம் இருக்கிறதா இல்லையா என்பது எந்தப் பட்டியலிலும் ஒரு பத்தியாக இல்லை. பிறவியிலேயே விஷமற்ற மலைப்பாம்புக்குக்கூட உரிமம் கேட்கும் சட்டம், விஷப்பையை வெட்டி எடுத்த நாகத்தை விட்டுவிடும் என்று எண்ணுவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் விற்பவர்கள் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள், வாங்குபவர்களும் இதைத்தான் முதலில் நம்புகிறார்கள்.

இரண்டாவது கண்ணி, கூண்டில் பிறந்த பாம்பு காட்டு விலங்கு ஆகாது என்பது. பழக்கப்படுத்தப்பட்டதாயினும், கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டதாயினும் அது வனவிலங்கே என்று சட்டம் தன் விளக்கப் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. மூன்றாவதாக, விற்பவர் தம்முடைய உரிமத்தின் நகலை எடுத்துக் கொடுத்து "இது போதும் அண்ணே" என்பார். அவருடைய உரிமம் அவருக்குத்தான், பாம்போடு சேர்ந்து அது கைமாறுவதில்லை. உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இல்லாத ஒரு காகிதம், அதில் எத்தனை முத்திரைகள் இருந்தாலும், சோதனை நாளில் உங்களுக்கு உதவாது. முகநூலில் பார்த்து வாங்கினால் இன்னொரு சிக்கலும் உண்டு: 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இணையத்தில் வனவிலங்கை விற்பனைக்கு விளம்பரப்படுத்துவதையும் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்தது, சில குற்றங்களுக்கான உச்சத் தண்டனையைப் பத்து லட்சம் ரிங்கிட் அபராதமாகவும் 15 ஆண்டுச் சிறையாகவும் உயர்த்தியது. வாங்கிய பாம்பு பிடிக்கவில்லை என்று நீங்களே படம் போட்டு மறுவிற்பனைக்கு அறிவித்தால், ஏமாற்றப்பட்டவர் என்ற நிலையிலிருந்து விற்பனையாளர் என்ற நிலைக்கு நீங்களே நகர்ந்துவிடுகிறீர்கள்.

இனி அறுவையைப் பற்றி. வனவிலங்குச் சட்டத்தின் 86ஆவது பிரிவு கொடுமைகளைப் பெயர் சொல்லியே அடுக்குகிறது: அடிப்பது, உதைப்பது, வெருட்டுவது, வதைப்பது, நகத்தைப் பிடுங்குவது, பல்லைப் பிடுங்குவது. தேவையற்ற துன்பத்தை உண்டாக்கும் எந்தச் செயலும் அதே பிரிவில் அடங்கும். 2010இல் இதற்கு விதிக்கப்பட்டது 5,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விலங்கு நலச் சட்டத்தின் 29ஆவது பிரிவிலோ அபராதம் 20,000 ரிங்கிட்டில் தொடங்கி ஒரு லட்சம் வரை போகிறது, சிறை மூன்று ஆண்டு வரை. பல்லைப் பிடுங்குவது எழுத்திலேயே குற்றம் என்பது விற்பவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அண்மைக் காலமாக "பல் அப்படியே இருக்கிறது, விஷப்பையை மட்டும்தான் எடுத்தோம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சட்டத்தில் பெயர் இல்லாத உறுப்பைத் தேடிப் பிடித்து வெட்டிவிட்டால் சட்டம் தொடாது என்பது அவர்களுடைய கணக்கு. தேவையற்ற துன்பம் என்ற சொற்கள் இந்த மாதிரிக் கணக்குகளுக்காகத்தான் சட்டங்களில் எழுதப்படுகின்றன.

அது துன்பம்தானா என்று கேட்பவர்களும் உண்டு, பாம்பு கத்துவதில்லை என்பதால். விஷப்பை என்று இவர்கள் சொல்லும் விஷச் சுரப்பி கண்ணுக்குப் பின்னால், தாடையை இயக்கும் தசைகளை ஒட்டி இருக்கிறது; அதிலிருந்து ஒரு குழாய் பல்லுக்கு வருகிறது. சுரப்பியை எடுப்பதாயினும் குழாயை வெட்டிக் கட்டுவதாயினும் கத்தி அந்தத் தசைகளுக்கும் நரம்புகளுக்கும் நடுவே செல்ல வேண்டும். ஊர்வனவற்றுக்கு மயக்கம் கொடுப்பது, உடல் வெப்பத்தையும் மூச்சையும் மணிக்கணக்கில் கவனித்துச் செய்ய வேண்டிய வேலை. கள்ளத்தனமாகச் செய்பவர்கள் பாம்பை ஐஸ் பெட்டியில் வைத்து விறைக்க வைக்கிறார்கள். குளிர் பாம்பை அசையவிடாமல் செய்யுமே தவிர வலியைப் போக்காது, அதனால்தான் விலங்கு மருத்துவம் அதை மயக்க முறையாக ஏற்பதில்லை. பிழைக்கும் பாம்புகளில் சிலவற்றுக்கு வாய்ப்புண் வந்து எலும்புவரை பரவுகிறது, சில இரையை விழுங்கத் தாடை ஒத்துழைக்காமல் மெலிகின்றன. கண்ணாடிப் பெட்டியில் இரண்டு மாதமாக எதையும் தின்னாமல் சுருண்டு கிடக்கும் நாகத்தைப் பார்த்து "சாந்தமாக இருக்கிறது" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

பாதுகாப்புக்காகத்தானே செய்கிறோம், மனித உயிர் பெரிதில்லையா என்ற வாதத்தை நான் ஏளனமாகத் தள்ளிவிடவில்லை. நாட்டில் பாம்புகளைக் கையாள்வதில் பெயர் பெற்றிருந்த அலி கான் சம்சுடின் 2006 டிசம்பரில் ராஜநாகம் கடித்து இறந்தார். பொம்பா எனப்படும் தீயணைப்புப் படையின் வீரர்களுக்குப் பாம்பு பிடிக்கப் பயிற்சி கொடுத்த அபு சரின் உசேன் 2018 மார்ச்சில் ஒரு நாகத்தின் கடியால் உயிரிழந்தார். இவ்வளவு தேர்ந்தவர்களுக்கே இந்த முடிவு என்றால், பாம்பின் வாயை மாற்றுவதைவிட அதைத் தோளில் போடும் வழக்கத்தை மாற்றுவதே எளிது. நாய்க்கும் பூனைக்கும் செய்யும் கருத்தடையோடு இதை ஒப்பிடுவதும் பொருந்தாது. கருத்தடையால் அந்த விலங்குக்கோ அதன் இனத்துக்கோ ஏதோ ஒரு நன்மை உண்டு, இந்த அறுவையால் நன்மை அடைவது படம் எடுத்துச் சம்பாதிப்பவர் ஒருவர்தான். அந்தப் பாதுகாப்பும் உறுதியானதில்லை. சுரப்பியின் திசு கொஞ்சம் மிஞ்சினாலும் விஷம் திரும்பச் சுரக்கலாம். பல்லைப் பிடுங்கினாலோ, பாம்பின் பல் இயல்பாகவே விழுந்து முளைப்பது. பின்னால் வரிசையாகக் காத்திருக்கும் அடுத்த பல் சில வாரங்களில் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

கடிதத்துக்கு வருவோம். விலங்கு அறுவை செய்யத் தகுதி உடையவர் மலேசிய விலங்கு மருத்துவர் மன்றத்தில் பதிவு பெற்று, ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பித்தவர் மட்டுமே. நான் இதுவரை பார்த்த கடிதங்கள் எதிலும் பதிவு எண் இல்லை. ஒன்றில் மருந்தகத்தின் முத்திரை மட்டும் இருந்தது. பதிவு எண் இருந்து, உண்மையான மருத்துவரே செய்திருந்தாலும்கூட, அது அறுவை நடந்ததற்குச் சான்றாகுமே ஒழிய பாம்பை வைத்திருக்க அனுமதி ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் எங்கள் மேசைக்கு மிகுதியாக வருகிறார்கள்.

ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு சொல். திருவிழாவுக்கு நாகம் கொண்டுவரச் சொல்லி ஆளை அமர்த்துமுன், வனவிலங்கைக் காட்சிக்கு வைக்கத் தனி அனுமதி வேண்டும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். வீட்டில் வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. கொண்டுவருபவரிடம் காட்சி அனுமதியின் மூலப்படியைக் கேளுங்கள், அதில் உள்ள பெயரை அவருடைய அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள், தேதியைப் பாருங்கள். "போன வருஷம் யாரும் கேட்கவில்லையே" என்று அவர் சொன்னால் அனுமதி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். புற்றுக்கும் நாகப்பிரதிஷ்டைக்கும் பாலூற்றி வணங்கிய நம் பாட்டிமார் உயிருள்ள நாகத்தை ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்லவில்லை. அவர்கள் ஊற்றிய பாலைக்கூட அது குடிப்பதில்லை.

புகார் செய்யப் போகிறவர்களுக்குக் காத்திருக்கும் அலைச்சலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெர்ஹிலித்தான் தலைமையகம் செராஸ் சாலையின் 10ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது. கால்நடைச் சேவை இலாகாவின் தலைமையகம் புத்ராஜெயாவில். அறுவை என்றால் அது விலங்கு நலம், புத்ராஜெயாவுக்குப் போங்கள் என்று முதல் முகப்பில் சொல்வார்கள். நாகம் என்றால் அது வனவிலங்கு, செராஸுக்குப் போங்கள் என்று இரண்டாம் முகப்பில் சொல்வார்கள். நகராண்மைக் கழகத்துக்குப் போனால் கடையின் வியாபார உரிமத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஒருவர் இந்த மூன்று இடங்களுக்கும் நாலு நாள் விடுப்பு எடுத்து அலைந்தார். நாள்கூலிக்காரருக்கு நாலு நாள் என்றால் என்ன என்பது முகப்புக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளியது. இனத்தின் பெயரில் தொடங்குங்கள். பட்டியலில் உள்ள பாம்பு என்றால் பெர்ஹிலித்தானே முதல் முகவரி, 86ஆவது பிரிவு அவர்களுடையதே. 1-800-88-5151 என்ற இலவச எண்ணில் அழைத்துப் பேசுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் அதே நாளில் எழுத்திலும் அனுப்புங்கள்; மலாய் மொழியில் அரைப் பக்கம் போதும். என்ன பாம்பு, எங்கே, எந்த நாள், யார் என்ன சொன்னார் என்பவை மட்டும் இருக்கட்டும், உங்கள் கோபத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். "அறுவை" என்று தலைப்பிட்டால் கடிதம் வேறு மேசைக்குப் போகிறது; "உரிமமின்றி வனவிலங்கை வைத்திருத்தலும் கொடுமையும்" என்று தலைப்பிடுங்கள். அதன் நகலைக் கால்நடைச் சேவை இலாகாவுக்கும் அனுப்பி, இரண்டு கடிதங்களிலும் மற்ற இலாகாவின் பெயரைக் குறிப்பிடுங்கள். புகார் எண் தராமல் "பார்க்கிறோம்" என்று சொன்னால் எழுந்து வராதீர்கள். எண் இருந்தும் வாரக்கணக்கில் பதில் வரவில்லை என்றால் அரசாங்கத்தின் பொதுப் புகார் பிரிவில் அந்த எண்ணைச் சொல்லித் தாமதத்தையே தனிப் புகாராகப் பதியலாம். அதன்பிறகு தொலைபேசி ஒலிக்கக் கண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே இத்தகைய பாம்பு உங்கள் வீட்டில் இருந்தால், இரவோடு இரவாகக் காட்டில் விட்டுவிட நினைக்காதீர்கள். விஷமில்லாமல் அதனால் இரையைப் பிடிக்க முடியாமல் போகலாம், நீங்களும் இன்னொரு குற்றத்தைச் சேர்த்துக்கொள்வீர்கள். நீங்களே அழைத்து ஒப்படையுங்கள், ஒப்படைத்ததற்குக் கையொப்பமிட்ட சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தானாக முன்வந்ததால் வழக்கே வராது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஆனால் சோதனையில் பிடிபட்டவரும் சீட்டோடு நிற்பவரும் ஒன்றாக நடத்தப்படுவதில்லை. கைது வரை போய்விட்டால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரைக் கேளுங்கள். குடிமக்களுக்குத் தடுப்புக் காவல் நிலையிலிருந்தே அந்த உதவி உண்டு, அதைக் காவல் நிலையத்தில் நீங்கள் கேட்காமல் யாரும் நினைவூட்டமாட்டார்கள்.

கடித்துவிட்டால், "விஷப்பை எடுத்த பாம்புதான்" என்ற சொல்லை மருத்துவமனை முகப்பில் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லால் காத்திருக்கும் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டவரைப் பார்த்திருக்கிறேன். நாகம் கடித்தது என்று மட்டும் சொல்லுங்கள், படம் இருந்தால் காட்டுங்கள், ஏனெனில் இங்கே பயன்படும் தாய்லாந்து எதிர்விஷம் இனத்தைப் பொறுத்தே தேர்ந்தெடுக்கப்படுகிறது. கட்டு இறுக்குவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் வேண்டாம்; கடிபட்ட கையை அசைக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஐயம் எழுந்தால் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தோடு மருத்துவர்களே கலந்து பேசுவார்கள்.

செந்தூல் இளைஞரிடம் விற்றவரைக் காட்டுவதற்கு இருந்தது வங்கிப் பணமாற்றுச் சீட்டு ஒன்றுதான். முதல் இரண்டு முறை அது தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாம் முறை மலாய்க் கடிதத்தோடு பின்னிணைப்பாகத் தைத்துக் கொண்டுபோனோம். முகப்பில் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தார்.